எட்டரை மணி மழை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அணையில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பட்டாசு' என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். இந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது, அதனால் அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே ஆறுதான் பிழைப்பு. ஆறு பிறக்கிற மலையில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அப்பா ரிட்டயர் ஆன அறிவியல் வாத்தியார். கொல்லையில் கம்பிவேலி போட்டு, பூட்டுப் பூட்டி, ஒரு மழைமானியை வைத்துக் காப்பாற்றுகிறார். மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான் அது. தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் இருக்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, வானிலை அலுவலகத்துக்கு மெசேஜ் அனுப்புவார். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து நாளைக்கு என்ன வரும் என்று சொல்கிறவள் என் தங்கை. அவள் சொல்வதைக் கேட்டு அணையின் ஷட்டரைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவன் நான். மழை முதலில் அம்மா தலையில் விழும், கடைசியில் என் தலையில் வந்து விடியும்.

தங்கைக்கு வீட்டில் பெயர் குடை. என் கல்யாணத்தன்று ஒரு சொட்டு விழாது என்று அவள் சத்தியம் செய்தாள். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பந்தல் பிய்த்துக்கொண்டு போகிற மழை. போட்டோவில் நானும் என் மனைவியும் நனைந்த கோழிகள் மாதிரி நிற்போம். அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் ஒரு குடை வாங்கிக் கொடுக்கிறேன். இதுவரை பதினோரு குடை ஆகிவிட்டது. அவளும் ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறாள், அதுதான் அவள்.

இந்தச் சங்கதி நடந்தபோது அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நகரத்தில் தங்கை வீட்டில் தங்கினார். மழைமானி அம்மா பொறுப்புக்கு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த வேலியின் சாவி வேறொருவர் கைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

கிளம்புகிற அன்று நானும் மலையில் இருந்தேன். அப்பா பஸ் ஏறுகிறவரை பாடம் நடத்தினார்.

"எட்டரைன்னா எட்டரை. எட்டு இருவத்தொம்போதும் கிடையாது, எட்டு முப்பத்தொண்ணும் கிடையாது. அப்ப பாட்டில்ல என்ன இருக்கோ அதைப் பாரு. நம்பரை அனுப்பு. நம்பர் மட்டும்தான். உன் கதையெல்லாம் அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

அம்மாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அம்மா கதை சொல்கிறவள்தான். தக்காளி என்ன விலை என்று கேட்டால், கடைக்குப் போகிற வழியில் யாரைப் பார்த்தாள், அவர்கள் மகளுக்கு எத்தனையாவது மாதம் என்பதில் தொடங்கி, கடைக்காரன் முழங்கால் வலியைத் தாண்டி, அப்புறம்தான் தக்காளிக்கு வருவாள். அப்பாவுக்கு அது ஆகாது. "நம்பரைச் சொல்லு, நம்பரைச் சொல்லு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இதே பாட்டுதான்.

"சரிங்க. நம்பர்தானே? நம்பர் மட்டும் சொல்றேன், போதுமா?" என்றாள் அம்மா. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு முப்பத்தெட்டு வருஷமாகியும் தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, உக்காந்திருக்கியா?"

"நின்னா மழை வராதா? சொல்லு."

"மலையில பெரிய மழை வருது. இன்னிக்கு ராத்திரி ஆரம்பிக்கும். நாளைக்கும் ராத்திரி பெய்யும். புதன், வியாழன் ரெண்டு நாள்தான் முக்கியம், கொட்டித் தீர்த்துடும். அணையில இடம் பண்ணி வை. புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் மெதுவா விட முடியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். இரண்டு வருஷமாக எங்களுக்கு மழையே இல்லை. அணையில் சேறுதான் பாக்கி என்கிற நிலைமைக்குப் போய், இந்த வருஷம்தான் முன்பருவ மழையில் பத்தில் ஒன்பது பங்கு நிறைந்திருந்தது. அதை நம்பிக் கீழே அத்தனை பேரும் நாற்று நட்டிருக்கிறார்கள். நட்டு எட்டு நாள்தான் ஆகிறது. கதிர் வருகிறவரை தண்ணீர் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். மின்நிலையமும் இந்தத் தண்ணீரை வைத்துத்தான் வெயில் காலத்தை ஓட்டவேண்டும். இதை நான் திறந்துவிட்டு, மழை வராமல் போனால், பயிரும் போச்சு, கரண்டும் போச்சு. திறக்காமல் வைத்திருந்து மழை வந்துவிட்டால், எல்லா ஷட்டரையும் ஒரேயடியாகத் தூக்க வேண்டியிருக்கும். கீழே கரை தாங்காது. எட்டு நாள் நாற்று ஒரே இரவில் அடித்துக்கொண்டு போய்விடும். தாழ்வான தெருவில் அறுபது வீடுகள் வேறு இருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் நான் செய்கிற தப்புக்கு அடுத்தவன் சாப்பாடு போகும்.

"எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டேன்.

"பத்துக்கு ஏழு."

"என் கல்யாணத்துக்கு எத்தனைக்கு எத்தனை சொன்ன?"

"அண்ணா, விளையாடாத. நாளைக்குக் காலையில நம்ம வீட்டு மழைமானியில அம்பதாவது இருக்கணும். அதைப் பாத்துட்டு முடிவு பண்ணு" என்றாள்.

எங்கள் வீட்டு மழைமானியை இவ்வளவு பெரிதாக ஏன் சொல்கிறாள் என்றால், அந்த மலைமடிப்புக்குள் இருப்பது அது ஒன்றுதான். ரேடார் தூரத்தில் இருக்கிறது, நடுவில் நிற்கிற மலை அதன் கண்ணை மறைத்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் மேகம் தெரியும், அது பெய்ததா சும்மா நின்றுவிட்டுப் போனதா என்று உறுதியாகத் தெரியாது. ஆற்றைப் பார்த்தும் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் காய்ந்த மண், முதலில் விழுகிற மழையை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடும். ஆகவே அப்பாவின் பாட்டில் ஒன்றுதான் சாட்சி.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அம்மாவின் மெசேஜ் வந்தது. பூஜ்ஜியம்.

தங்கை சும்மா இருந்தாள். நானும் பெருந்தன்மையாகச் சும்மா இருந்தேன்.

புதன்கிழமை எட்டரைக்கு மறுபடி பூஜ்ஜியம்.

அதற்குமேல் பெருந்தன்மைக்கு எங்கே போவது? ஒன்பது மணிக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"என்ன குடை? அம்பது எங்க?"

"எனக்கே புரியல. மேகம் அங்கதான் நிக்குது. பெய்யாம இருக்க வழியே இல்ல."

"வழி இல்லன்னா? அம்மா பொய் சொல்றாளா? பாட்டில் பொய் சொல்லுதா?"

"இல்லண்ணா..."

"நாலாயிரம் குடும்பம் நாத்து நட்டிருக்கு. உன் மேகத்தை நம்பி அவங்க தண்ணியத் தெறந்துவிடச் சொல்றியா? இது என்ன என் கல்யாணமா, நனைஞ்சுட்டு சிரிச்சுட்டுப் போறதுக்கு?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "எங்க பெரிய அதிகாரியும் அதையேதான் கேட்டார். தரையில பூஜ்ஜியம் இருக்கும்போது எச்சரிக்கையை எப்படி வெச்சிருக்கிறதுன்னு. பதினொண்ணரைக்கு வாபஸ் வாங்கப் போறோம். நான் இனிமே இந்த சீட்ல உக்காரணுமான்னே தெரியல." போனை வைத்துவிட்டாள்.

எனக்கு என் மேலேயே எரிச்சல். அவளை அழவைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆனாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தானே? திறப்பதில்லை என்று முடிவு செய்து, பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

கொண்டுவந்தவர் எங்கள் ஷட்டர் ஆபரேட்டர். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் நிதானம். கட்டடம் இடிந்தால்கூட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார். மணி பதினொண்ணு ஆகுது."

"ஆனா என்ன?"

"பதினோரு மணிக்கு நீங்க அம்மாகூடப் பேசுவீங்க. அவங்க உங்களைத் திட்டுவாங்க. அப்புறம் நீங்க கொஞ்ச நேரம் எங்களைத் திட்டாம இருப்பீங்க. ரெண்டு நாளா அது நடக்கல சார். எங்களால தாங்க முடியல."

வந்த கோபத்தை விழுங்கினேன். மனிதர் சொன்னது உண்மை. திங்கட்கிழமை தங்கை போன் செய்ததிலிருந்து மின்நிலையத்தோடும் விவசாயிகள் சங்கத்தோடும் மாறி மாறிப் பேசியதில், அம்மாவைக் கூப்பிடவே இல்லை. அங்கே தனியாக இருக்கிறாள் என்பதுகூட மனசில் இல்லை. போனை எடுத்தேன்.

"அம்மா, சாப்ட்டியா?"

"யாருங்க அது? எனக்கு ஒரு பையன் இருந்தான், ரெண்டு நாளா ஆளைக் காணோம்."

"வேலைம்மா. மன்னிச்சுக்கோ. எப்படி இருக்க?"

"எப்படி இருக்கேன்? மாத்திக் கட்ட துணி இல்லாம இருக்கேன். திங்கக்கிழமை தொவச்சுப் போட்டது, இன்னும் காயலடா. வீட்டுக்குள்ள கயிறு கட்டி, காத்தாடிய ஓடவிட்டும் ஈரம் போகல. நாத்தம் வேற. உங்கப்பா வேட்டி ரெண்டும் நூல் நூலா..."

"ஏம்மா காயல? வெயில் இல்லியா?"

"வெயிலா! நல்லாக் கேட்ட. ராத்திரி முழுக்கக் கூரை பிச்சுக்கிற மாதிரி ஊத்துது. காலையில விட்டுட்டு மூடிக்கிட்டு நிக்குது. பாத்ரூம் பக்கம் பாசி வழுக்குது, நான் செவுத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான்..."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அம்மா. அம்மா, நில்லு. ராத்திரி மழை பெஞ்சுதா?"

"ரெண்டு ராத்திரியும் பெஞ்சுது."

"அப்ப ஏன் பூஜ்ஜியம்னு அனுப்புன?"

"பாட்டில்ல ஒண்ணும் இல்ல, அதான் பூஜ்ஜியம். எட்டரைக்குத் திரும்ப உள்ள வெக்கும்போது பாத்தேன், பளிச்சுன்னு காஞ்சு கெடந்துது. ஆறு மணிக்கே நான்தான் அதைக் கழுவிக் கவுத்து வெச்சிடறேனே!"

அதைச் சொன்ன தோரணையைக் கேட்க வேண்டும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"கழுவினியா? யார் கழுவச் சொன்னாங்க?"

"கத்தாதடா. சுகாதாரத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு. விடிஞ்சதும் வீட்டைச் சுத்திப் பாக்கணும், எதுல தண்ணி தேங்கியிருந்தாலும் கவுத்துடணும்னு. போன வருஷம் உங்கப்பா டெங்குல பன்னெண்டு நாள் படுத்தது உனக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கல. பூந்தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, ஓட்டை வாளி, ஒண்ணு விடறதில்ல. சாவி கைக்கு வந்தப்புறம் பாக்குறேன், வேலிக்குள்ள ஒரு பாட்டில் நெறையத் தண்ணி! பத்தொம்போது வருஷமா மனுஷன் நடுக்கொல்லையில கொசு வளத்திருக்கார்!"

எனக்கு எங்கிருந்து வந்த கோபம் என்று சொன்னேனே, அந்தக் கோபமெல்லாம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஏம்மா, அந்தத் தண்ணிதானேம்மா மழை! அதைத்தானே அளக்கணும்! இதுகூடவா..."

"இதுகூடவா என்ன? சொல்லு, முழுசாச் சொல்லு! உங்கப்பா என்ன சொன்னார்? எட்டரைக்கு என்ன இருக்கோ அதைச் சொல்லுன்னார். சொன்னேன். கதை வேணாம்னார். நிறுத்திட்டேன். தெனம் சாயங்காலம் போன் பண்ணி 'நம்பர் என்ன'ன்னு கேப்பார். பூஜ்ஜியம்பேன். வெச்சிடுவார். மழை பெய்யுதா, நீ தனியா இருக்கியே பயமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டாரா? ராத்திரி அவ்வளவு ஊத்துனது மேல சாட்டிலைட்டு வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும், நான் ஒருத்தி சொல்லித்தான் தெரியணுமா? அவங்களுக்கு எட்டரை மணி மழை மட்டும்தான் வேணும்போல இருக்கு, கொடுத்துட்டுப் போவோம்னு இருந்துட்டேன். அவர் கேக்கல. அவளும் கேக்கல. நீயும் கேக்கல."

என் கோபம் பொசுக்கென்று அணைந்துவிட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. நாலு பேர் இருக்கிற வீட்டில், மழையில் நனைந்தது அவள் ஒருத்தி, அவளிடம் மட்டும் நாங்கள் மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

"தப்புதாம்மா" என்றேன். "எல்லாம் எங்க தப்புதான். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தத் தண்ணியக் கீழ கொட்டிட்டியா?"

"கொட்டுவாங்களா? மழைத்தண்ணிடா. எவர்சில்வர் குடத்துல ஊத்தி, கொசு போகாம மூடி வெச்சிருக்கேன். பருப்பு வெண்ணெயா வேகுது."

"பருப்புல போட்டியா! எவ்வளவு?"

"ரெண்டு டம்ளர். நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு."

"ரெண்டு நாள் தண்ணியும் அந்தக் குடத்துலதான் இருக்கா? வேற எதுவும் கலக்கலியே?"

"என்னை என்னன்னு நெனச்ச? மழைத்தண்ணியோட குழாத்தண்ணியக் கலப்பேனா?"

மணி பதினொன்று பத்து. அப்பாவின் கண்ணாடிக் குழலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இங்கே நிதானம் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக வேகமாக வந்து உட்கார்ந்தார். குழலின் உச்சிக்கோடு இருபது மில்லிமீட்டர்.

"ஒண்ணு" என்றாள் அம்மா. தண்ணீர் வேறு பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு."

நிதானம் கோடு போட்டார்.

"மூணு. டேய், குழல் வழுக்குது, கொஞ்சம் இரு, முந்தானைல தொடச்சுக்கிறேன். நாலு."

இங்கே அறை வாசலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"அஞ்சு. ஆறு. ஏழாவதுக்குப் பத்தல. ஏழாங்கோட்டுல நிக்குது."

நூற்று இருபத்தேழு. அப்புறம் பருப்புக்குப் போன டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குழலில் ஊற்றச் சொன்னேன். சரியாகப் பத்துக் கோடு வந்தது. இரண்டு டம்ளருக்கு இருபது.

"நூத்தி நாப்பத்தேழு சார்" என்றார் நிதானம். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

தங்கையைக் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும், வணக்கம் சௌக்கியம் எதுவும் சொல்லாமல், "நூத்தி நாப்பத்தேழு. ரெண்டு நாளைக்குச் சேர்த்து. நீ சொன்னது சரி. வாபஸ் வாங்காத" என்றேன். நடந்ததை நாலே வரியில் சொன்னேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "பருப்புலயா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, அதிகாரியின் குரலில், "மண்ணு இப்ப ஊறிப்போயிருக்கும். இனி விழுறது அப்படியே உங்கிட்டதான் வரும். நாளைக்கு ராத்திரிக்குள்ள. தெற" என்றாள்.

"திட்டுனதுக்கு..."

"அப்புறம் அழுதுக்கலாம். முதல்ல தெற."

மின்நிலையப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் புலம்பத் தொடங்குவதற்கு முன்னால், "சும்மா விடப் போறதில்லைங்க. உங்க நாலு டர்பைனையும் முழு வேகத்துல ஓட்டுங்க. முடிஞ்ச அளவு அது வழியாவே விடறேன். வேற நிலையத்துல கொஞ்சம் நிறுத்திக்கச் சொல்லுங்க" என்றேன். மனிதர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "முன்கூட்டியே சொன்னீங்களே, அது போதும்" என்றார். முதல்நாள் சொன்னால் அது மின்சாரம். அன்றைக்குச் சொன்னால் வெறும் வெள்ளம். மீதிக்கு இரண்டு ஷட்டரை ஒவ்வோர் அடி மட்டும் தூக்கினோம். சைரன் ஊதினோம். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

அரைமணி நேரத்தில் விவசாயிகள் சங்கத் தலைவி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு. நட்ட வயலிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். எனக்குச் சளைத்த ஆள் இல்லை அவர்.

"என்ன சார் பண்றீங்க? வானத்துல மேகம்கூட இல்ல! ரெண்டு வருஷம் கண்ணுல பாக்காத தண்ணி, அதை ஆத்துல விடுறீங்க! உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

வெளியே சுள்ளென்று வெயில். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் கத்தவில்லை. நிதானம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், கத்தாததால் பயந்திருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மா, பாட்டில், குடம், பருப்பு எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். தலைவி கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அவரும் விடிந்தால் வீட்டைச் சுற்றிப் பாத்திரம் கவிழ்க்கிறவர்தான்.

"உங்கம்மா ரெண்டு நாளா துணி காயலன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப சரி, அது மழைதான்." எழுந்துவிட்டார். "உரம் போடறதை நிறுத்தச் சொல்றேன். வாய்க்கால் மடையெல்லாம் வடிகாலுக்குத் திருப்பி வெக்கறோம். ஆனா மழை வரலன்னு வைங்க, உங்கம்மாவையே வந்து கேப்பேன்."

பாருங்கள், ரேடார், மேகம், பத்துக்கு ஏழு எதுவும் எடுபடவில்லை. காயாத துணி எடுபட்டது.

மழை வந்தது. புதன் இரவு மலைமேல் மேகம் திரண்டு நின்றதைத் தங்கை மணிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் ஆறு நிறம் மாறியது. சாயங்காலத்துக்குள் மரக்கிளையும் சருகுமாகப் பொங்கிக்கொண்டு வந்து அணையில் விழுந்தது. நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த இடம் முழுவதையும் நிரப்பி, மேல்மட்டத்துக்கு இரண்டடி கீழே வந்து நின்றது. மற்ற ஷட்டர்களைத் தொட வேண்டியிருக்கவில்லை. கீழே நாற்று ஒரு பொழுது கணுக்கால் தண்ணீரில் நின்று, வடிந்ததும் நிமிர்ந்துகொண்டது. அறுபது வீட்டில் ஒரு வீட்டு வாசல்கூட நனையவில்லை.

எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு அதெல்லாம் மனசில் ஏறவில்லை. ஏனென்றால் புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து அம்மாவின் போன் கிடைக்கவில்லை. மலையில் கரண்ட் போய், டவரும் போய்விட்டது. வியாழக்கிழமை எட்டரைக்கு மெசேஜ் வரவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பாசி வழுக்கல்தான் என் கண்ணுக்குள் நின்றது. நகரத்தில் அப்பா கண்கட்டோடு, "நான் கிளம்பறேன், நான் கிளம்பறேன்" என்று அரற்றிக்கொண்டிருந்ததாகத் தங்கை சொன்னாள். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாளை நான் கடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரைக்குத் தங்கையிடமிருந்து போன். பேசமுடியாமல் பேசினாள். "நம்பர் வந்துடுச்சு, அண்ணா. ரெண்டு நம்பர். நேத்தைக்கு இருநூத்திப் பத்து. இன்னிக்கு அறுவத்திரெண்டு." டவர் செத்த நாளிலும் எட்டரைக்குப் போய் அளந்து எழுதி வைத்திருக்கிறாள். வேறு ஒரு வார்த்தை இல்லை, அப்பா சொன்னபடி எண் மட்டும்தான். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். நிதானம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

பாதை சரியானதும் நான்தான் அப்பாவை மலைக்குக் கூட்டிப்போனேன். தங்கையும் வந்தாள். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நேராக மழைப் பதிவேட்டைத் திறந்தார். அம்மாவின் கையெழுத்தில் அந்த இரண்டு பூஜ்ஜியங்கள் உருண்டையாக இருந்தன. பதிவேட்டில் அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, காரணத்தைக் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். அந்தக் கட்டம் பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு பக்கத்திலும் வெறுமையாக இருந்தது. அப்பா பேனாவை எடுத்தார், பிறகு அதை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"நீயே எழுது" என்றார். "தப்பு உன்னோடது இல்ல. பத்தொம்போது வருஷமா நீ சொல்ல வந்ததை நான் காதுலயே வாங்கல."

"முப்பத்தெட்டு வருஷம்" என்றாள் அம்மா. "நம்பர் மனுஷராச்சே, நம்பரைச் சரியாச் சொல்லுங்க."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தங்கைக்கு, சிரித்த சிரிப்பில் அது மூக்கில் ஏறிவிட்டது. அப்பாவும் சிரித்தார், கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கையை விட்டுத் துடைத்துக்கொண்டே. அதன்பிறகுதான் அம்மா பேனாவை வாங்கினாள். குறிப்புக் கட்டம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதினாள்.

இப்போது மழைமானி அவள் பொறுப்புதான். ஆறு மணிக்கு அவள் அதைத் தொடுவதில்லை, புனலுக்குக் கொசுவலைத் துணி தைத்துப் போடலாமா என்று கேட்டாள், அதுவும் கூடாது என்று தங்கை கெஞ்சி நிறுத்தினாள். எட்டரைக்கு எண்ணும் குறிப்பும் சேர்ந்தே போகும். தங்கை அந்தக் குறிப்பை ஒரு எழுத்து மாற்றாமல் தினசரி அறிக்கையில் போடுகிறாள். அது அணைக்கும் மின்நிலையத்துக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் வரும். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் குறிப்பைத்தான் படிக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, ராத்திரி வரை வெளியே வர முடியவில்லை. அடுத்த நாள் காலை அறிக்கை வந்தது. நிதானம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஷட்டர் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தார்.

"மழை அளவு: பூஜ்ஜியம். குறிப்பு: துணி நன்றாகக் காய்ந்தது. பெரியவன் நேற்றுப் போன் பண்ணவில்லை."

யாரையும் திட்டாமல் நான் போனை எடுத்தேன்.